ஒரு நாள் முந்திய அமாவாசை

இதை வாசிக்கப்போகிறவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. என் படிப்பு ஓ.எல். சோதனையோடு முடிந்தது. என் தமிழ்க் கட்டுரைகளுக்குக் கீழே ஆசிரியர் வழக்கமாகப் போடும் குறிப்பு, ‘இன்னும் எழுதலாம்’ என்பது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் எழுதவில்லை. வேலைத்தலத்தில் கையெழுத்துப் போட்டதும், மகளின் பள்ளிக்கூடம் அனுப்பிய படிவங்களை நிரப்பியதும்தான் நான் செய்த எழுத்து வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் கதவுப் பக்கமாக நிற்கிறவன் நான். அப்படிப்பட்ட ஒருவன், எத்தனையோ பேர் போய்வந்து படமெடுத்த ஒரு கடற்கரையைப் பற்றி எழுத வந்தது துணிச்சல்தான். ஆனால் இந்தக் குளிருக்குள் ஸ்காபரோவில் விடிய முதல் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த ஒரு கிழமை ஞாபகத்துக்கு வருகிறது. மனைவியிடம் சொல்லத் தொடங்கினால், “எத்தினை தரம் அப்பா உதைச் சொல்லுவியள்?” என்கிறாள். ஆகவே தாளில் எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேர் ஆண்பிள்ளைகள். அண்ணை பாரிசில், நான் டொரன்டோவின் ஸ்காபரோவில். அண்ணை முப்பது வருடத்துக்கு மேல் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவர். ஓகஸ்ட் மாதத்தில் பாரிஸ்காரர்கள் எல்லோரும் கடலுக்குப் போய்விடுவார்கள், அண்ணைக்கு மட்டும் லீவு கிடைக்காது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆர் சமைக்கிறது என்று முதலாளி கேட்பாராம். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து வேலையை விட்ட வருடம்தான் அவருக்கு முதல்முதலாக ஓகஸ்ட் கிடைத்தது. உடனே எனக்குப் போன் எடுத்தார்.

“டேய், நாங்களும் ஒருக்கால் வெள்ளைக்காரர் மாதிரிக் கடலுக்குப் போவம். வாறியோ?”

“வாறன் அண்ணை,” என்றேன். மனைவியிடம் கேட்கவில்லை. பிறகு அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், பிரெஞ்சு எல்லைக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்னக் கடற்கரைப் பட்டினம். வெள்ளிக்கிழமை தொடக்கம் மற்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு மூன்றாம் மாடி வீட்டை அண்ணை வாடகைக்கு எடுத்திருந்தார். நானும் மனைவியும் பதினேழு வயது மகளும் பார்சலோனாவில் இறங்கிப் பஸ்ஸில் போனோம். அண்ணையும் அண்ணியும் பாரிசிலிருந்து காரில் வந்தார்கள். அந்தக் காருக்குள் இருந்து ஒரு மூட்டை அரிசி, ரைஸ் குக்கர், தூள் போத்தல்கள், தேங்காய்த் துருவலை என்று ஒவ்வொன்றாக இறங்கின. நீச்சல் உடுப்பு அண்ணையினுடையது ஒன்றுதான் இருந்தது.

அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு நோக்கம் இருந்தது. அதை நான் மனைவிக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

எங்கள் அப்பா ஊரில் இறந்தபோது என்னுடைய அகதி வழக்கு முடியவில்லை. கனடாவை விட்டு அசைய முடியாது. ஆனால் அண்ணையிடம் அப்போது பத்திரங்கள் எல்லாம் இருந்தன, சண்டை நின்று ஊருக்குப் பாதையும் திறந்திருந்தது. “வாற ஓகஸ்டுக்கு வாறன் அப்பா,” என்று போனில் சொன்னார். வேலைத்தலத்தில் விடவில்லை. அடுத்த வருடமும் அதையே சொன்னார், அந்த வருடமும் போகவில்லை. மகன் வருகிறான் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். மூன்றாவது ஓகஸ்டுக்கு முதல் அவர் இறந்துபோனார். கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன்.

ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, ஒருநேரம் மரக்கறிச் சோறு படைத்துச் சாப்பிடுவோம். நான் ஒவ்வொரு வருடமும் ஸ்காபரோ கோயிலில் அதைச் செய்கிறேன். அண்ணை ஒரு வருடமும் செய்ததில்லை. நான் அந்தப் பேச்சை எடுத்தால், “சரி, வேறை என்ன புதினம்?” என்பார். அந்த வருட அமாவாசை எங்கள் விடுமுறைக்குள் வந்தது. ஒரு முறையாவது அண்ணையை என் பக்கத்தில் நிற்க வைத்து அப்பாவுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். அதற்காகத்தான் தர்ப்பை, எள்ளுப் பொட்டலம், சின்னச் செம்பு எல்லாவற்றையும் மருந்துப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். மனைவி காத்தோட்டிக்காய் வற்றல் வாங்கிவைத்தாள், கசப்பான அந்தக் காய் பொரிக்காமல் எங்கள் வீடுகளில் ஆடி அமாவாசை இல்லை. குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த கடைக் கலண்டரின் ஓகஸ்ட் தாளையும் கிழித்துக் கடவுச்சீட்டுகளோடு வைத்தாள். அமாவாசை புதன்கிழமை.

முதல் நாட்கள் எப்படிப் போயின என்று இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் மலர்கிறது. காலையில் கடற்கரை ஓரம் ஒரு கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் கதிரைகளில் இருப்போம். அங்கே வாட்டிய பாணில் தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விட்டுத் தருவார்கள். அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“பாணிலை தக்காளியைப் பூசிப்போட்டு உதுக்கு ஒரு பேரும் வைச்சிருக்கிறாங்கள்.”

“அப்ப ஏன் நாலாவது துண்டும் சாப்பிடுறியள்?” என்று அண்ணி கேட்பார்.

“சமையல்காரன் எல்லே. சோதிச்சுப் பாக்க வேணும்.”

ஆனால் அந்தச் சமையல்காரர் வீட்டில் சட்டியைத் தொடவே இல்லை. லீவு என்றால் லீவு என்றார். அண்ணியும் மனைவியும்தான் சமைத்தார்கள். இரண்டாம் நாள் கணவாய்க் கறி வைத்தபோது, மணம் வெளியே போகக்கூடாதென்று மனைவி எல்லா ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்தினாள். ஸ்காபரோ அடுக்குமாடியில் வந்த பழக்கம். வியர்த்து ஊற்றியது. அண்ணை எழுந்துபோய் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். “பிள்ளை, இஞ்சை ஒருத்தரும் எங்களை வீட்டை விட்டு எழுப்ப மாட்டினம். ஊரே மணக்கட்டும்.”

பகலில் கடற்கரை. நாலு பக்கமும் சனங்கள் வெயிலில் கிடந்து முதுகைச் சிவப்பாக்கிக்கொண்டிருப்பார்கள். நடுவில் என் மனைவி சுரிதாரோடு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். மகள் பத்து யார் தள்ளித் துவாயை விரிப்பாள். “அம்மா, ப்ளீஸ், அந்தக் குடையை மடக்குங்கோ. எவ்ரிவன் இஸ் லுக்கிங்.”

“பாக்கட்டும். நான் அவையைப் பாக்கிறன்தானே.”

அண்ணி வத்தகப்பழத்தை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார். தண்ணீரின் நிறம் கரையில் பச்சையாகவும் தூரத்தில் மை ஊற்றியதுபோலவும் இருக்கும். அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணை முழங்காலுக்கு நல்லதென்று இடுப்பளவு தண்ணீரில் அங்கும் இங்கும் நடப்பார். நான் கணுக்கால் நனைகிற இடத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னேரம் வெளி விறாந்தையில் நாலு பேருமாக முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். அண்ணை கையில் நல்ல சீட்டு ஒன்றும் இல்லாமல், இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வி கேட்பார். அண்ணி அதைப் பிடித்துவிடுவார். எங்கள் சத்தத்துக்குக் கீழே வீதியில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், சீட்டைப் பிரித்துப் போடும்போது, நாலு நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அண்ணை, நாளைக்கு அமாவாசை.”

“ஓம். உங்கடை கலண்டரைப் பாத்திட்டு உன்ரை அண்ணி சொன்னவ.”

“எள்ளும் தர்ப்பையும் கொண்டு வந்தனான். ரெண்டு பேருமாச் செய்வமே?”

அவர் சீட்டுகளை விரித்துப் பார்த்தார். “நீ செய். நீதானே வருசா வருசம் செய்யிறாய்.”

“மூத்தவர் நீங்கள் எல்லே.”

“மூத்தவன் செய்ய வேண்டின நேரத்திலை செய்யேல்லை. இப்ப எள்ளை இறைச்சு என்னடா?” சீட்டை மேசையில் வைத்தார். “துவாய் பிடிக்க வாறன். அதுக்கு மேலை கேக்காதை.”

அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணால் ‘விடு’ என்றார். மனைவி எழுந்து தேத்தண்ணீர் வைக்கப் போனாள். நானும் விட்டுவிட்டேன். எனக்கு யாரையும் வற்புறுத்தத் தெரியாது.

புதன்கிழமை சூரியன் எழும்புகிற நேரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப் போனோம். நான் வேட்டி கட்டி, மேலே ஒரு சட்டை போட்டிருந்தேன். அண்ணை தோளில் இரண்டு துவாய். அவர் கோப்பி குடித்துவிட்டு வந்திருந்தார். கடற்கரையில் ஒரு உழவு இயந்திரம் மணலை வாரிக்கொண்டு போனது. தொப்பி போட்ட நாலு ஸ்பானியப் பெண்கள் மார்பளவு தண்ணீரில் வட்டமாக நின்று, சந்தியில் நிற்பதுபோலக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஒருவரும் இல்லை. நாலு பேர் என்றாலும் எனக்குக் கூச்சம். சட்டையையும் கண்ணாடியையும் அண்ணையிடம் கொடுத்துவிட்டு, தர்ப்பையை விரலில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்தது.

தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பேரையும் சொல்லி இறைக்க வேண்டும் என்று ஸ்காபரோ ஐயர் எனக்கு விளக்கமாகச் சொல்லித்தான் அனுப்பினார். அப்பாவின் பேரைச் சொன்னேன். பாட்டன் பேரைச் சொன்னேன். பூட்டனுக்கு வந்தபோதுதான் எனக்கு அவர் பேர் தெரியாது என்பது விளங்கியது. கோயிலில் ஐயர் மைக்கில் சொல்லச் சொல்ல இருநூறு பேர் ஒன்றாகச் சொல்வோம், அந்த இடத்தில் நான் இத்தனை வருடமும் முணுமுணுத்துச் சமாளித்திருந்தேன். இங்கே முணுமுணுக்க மனம் வரவில்லை. கரையைத் திரும்பிப் பார்த்தேன்.

“அண்ணை! பூட்டன்ரை பேர் என்ன?”

“என்ன?”

“பூட்டன்! அப்பாவின்ரை அப்பாவின்ரை அப்பா!”

அண்ணை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வாயில் கையைக் குவித்து, பூட்டனின் பேரைக் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். தொப்பிக்காரப் பெண்களில் ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கையை ஆட்டினார். அண்ணையும் வேறு வழியில்லாமல் கையை ஆட்டினார். நான் பூட்டனுக்கு இறைத்து, மூன்று தரம் முங்கி எழுந்து கரைக்கு வந்தேன். அவர் துவாயைத் தந்தார்.

வீட்டில் சோறு, பருப்பு, பூசணிக்காய், பயற்றங்காய், கீரை, பொரித்த காத்தோட்டிக்காய் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. வாழை இலை இல்லாததால் கேக் சுடும்போது அடியில் போடுகிற தாளில் படைத்தோம். காகத்துக்கு என்று விறாந்தைச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்ததும் இரண்டு பெரிய கடற்பறவைகள் வந்து, தாளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயின. பறவைகளுக்குச் சாப்பாடு வைக்கக்கூடாது என்று நாலு மொழியில் எழுதியிருந்த பலகைக்குக் கீழேதான் அது நடந்தது.

“காகம் இல்லாத ஊரிலை உதுகள்தான் காகம்,” என்றார் அண்ணி.

நான் முதல் கவளத்தைச் சாப்பிட்டு, மற்றவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணியின் போன் அடித்தது. பாரிசிலிருந்து அவருடைய தங்கை. அண்ணி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “ஓமடி, இப்பதான் படைச்சுச் சாப்பிடுறம்,” என்றார். பிறகு அவருடைய முகம் மாறியது. “என்ன, நாளைக்கோ?”

எல்லோருடைய கையும் நின்றது.

“நாளைக்குத்தானாம்,” என்றார் அண்ணி. “பாரிஸ் கோயில்லையும் நாளைக்குத்தானாம். அவள் இப்பதான் மரக்கறி வாங்கப் போறாள்.”

மனைவி கை கழுவாமல் ஓடிப்போய்க் கலண்டர் தாளைக் கொண்டுவந்தாள். புதன்கிழமைக் கட்டத்தில் கறுப்பு வட்டம் தெளிவாக இருந்தது. “இஞ்சை பாருங்கோ அக்கா, கிடக்குதெல்லே!”

மகள் அந்தத் தாளை வாங்கி அடியில் இருந்த சின்ன எழுத்தைக் கண்ணருகே பிடித்தாள். அவளுக்குத் தமிழ் மெதுவாகத்தான் வரும். “டொ... ரன்டோ... நேரப்படி... கணி... கணிக்கப்பட்டது.” நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா! இது டொரன்டோ டைம். நாங்கள் சிக்ஸ் அவர்ஸ் முன்னுக்கு நிக்கிறம்.” போனில் தேடிப் பார்த்தாள். “இஞ்சை அமாவாசை இன்னும் ஸ்டார்ட் பண்ணவே இல்லை. பின்னேரம்தான்.”

எனக்குக் காது சுட்டது. இருபது வருடத்தில் ஒருநாள் அண்ணையைக் கடற்கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அதுவும் இல்லாத அமாவாசைக்கு. இனி எந்த முகத்தோடு அவரைத் திரும்பக் கேட்பது?

“அப்ப, அப்பப்பா எந்த டைம் சோன்?” என்று மகள் கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

அண்ணை சிரிக்கத் தொடங்கினார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு.

“கனடாக்காரனுக்காகப் பூட்டனைக் கூடக் கத்திக் கூப்பிட்டனான்! அங்கை அவை இப்பதான் வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டிருப்பினம். அப்ப இண்டைக்கு ஆரடா வந்து சாப்பிட்டது?”

“அந்த ரெண்டு பறவையும்தான்,” என்றார் அண்ணி. “ஸ்பெயினுக்கு வந்து ரெண்டு நாள் மரக்கறி. என்ரை தலைவிதி.”

“காத்தோட்டிக்காயும் முடிஞ்சுது,” என்று மனைவி கவலையோடு சொன்னாள். அதற்கும் அண்ணை சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோற்றை விரலால் அளைந்தபடி சொன்னார்:

“அப்பாவும் உப்பிடித்தான். பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நிப்பார். நீ அவரைப் போலை. ஒரு நாள் முந்தி வந்து நிண்டிருக்கிறாய். நான்தான் பிந்தினவன்.”

பிறகு என்னைப் பார்த்தார்.

“நாளைக்குத் திரும்பச் செய்யத்தானே வேணும்?”

“ஓம் அண்ணை.”

“உன்னைத் தனிய விட்டா நீ வாற மாசத்துக்குப் போயிடுவாய். நானும் இறங்கிறன்.”

அண்ணி போனில் இன்னும் இருந்த தங்கையிடம், “பிறகு எடுக்கிறன்,” என்றுகூடச் சொல்லாமல் அதை அணைத்தார்.

வியாழக்கிழமை விடிய நான் எழும்பியபோது அண்ணை சவரம் செய்து, குளித்து, குசினியில் நின்றார். கோப்பி போடவில்லை. வேட்டி ஒன்றுதான் இருந்தது. விறாந்தையில் காயப்போட்டிருந்த அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் காற்சட்டையோடு போனேன். மணல் வாரும் இயந்திரம் அன்றும் வந்தது. தொப்பிப் பெண்களும் வந்திருந்தார்கள், முதல்நாள் கையாட்டியவர் அண்ணையைக் கண்டு தலையசைத்தார்.

அவருடைய முழங்காலுக்காக மெதுவாக இறங்கினோம். ஒரு கை என் தோளில் இருந்தது. இடுப்பளவுக்குப் போனதும் அவர் விரலில் தர்ப்பையைப் போட்டுவிட்டேன். எள்ளைக் கையில் வைத்தேன், செம்பால் தண்ணீர் விட்டேன். தண்ணீர் விரல்களுக்குள்ளால் ஒழுகி முடிந்தது. திரும்ப விட்டேன். அதுவும் ஒழுகியது. மூன்றாவது தரம்தான் வாயைத் திறந்தார்.

“அப்பா, வந்திட்டன்.”

அதற்குப் பிறகு முறைப்படி பேர்களைச் சொன்னார். பூட்டன் பேரை அன்று கத்தவில்லை. நானும் கூடச் சொன்னேன். சூரியன் நேரே முகத்தில் அடித்தது, அதனால் அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்கவேண்டும் என்றும் இருக்கவில்லை. மூன்று தரம் முங்கி எழுந்தார். கரைக்குப் போகலாம் என்று நான் திரும்பினேன். “நில்லடா, அவசரம் என்ன?” என்றார். அந்த இடுப்பளவு தண்ணீரிலேயே இரண்டு பேரும் நின்றோம். அப்பா சைக்கிளில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மருந்தெடுக்கப் போய், மருந்துப் போத்தலை மறந்துவிட்டு வந்த கதையை அண்ணை சொன்னார். எனக்கு அது ஞாபகமில்லை. நான் மிகச் சின்னப் பிள்ளையாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் ஞாபகம் இருப்பதுபோல வந்தது. விரல் நுனிகள் சுருங்கும் வரைக்கும் அப்படியே நின்றோம்.

அன்று அண்ணை பெண்கள் இருவரையும் குசினியிலிருந்து வெளியேற்றினார். சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய், பூசணி, பயற்றங்காய் போன்ற ஏதோவொரு காய் எல்லாம் தானே வாங்கிவந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நாலு அடுப்பையும் ஒன்றாக எரித்தார். காத்தோட்டிக்காய்க்குப் பதிலாகக் கத்தரிக்காயை வட்டமாக வெட்டிக் கறுக்கப் பொரித்தார். அண்ணி கதவில் நின்று, “உப்புப் பாத்தனீங்களே?” என்று கேட்க, “விரதக்காரன் உப்புப் பாக்கிறதில்லை. வாயை மூடிக்கொண்டு இரும்,” என்றார். படைத்து, பறவைகளுக்கும் வைத்து, நிலத்தில் வரிசையாக இருந்து சாப்பிட்டோம். உப்புக் கொஞ்சம் கூடத்தான். எல்லோரும் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டோம். மகள் பெரியப்பாவிடம் கத்தரிக்காய் எப்படிப் பொரிக்கிறது என்று கேட்டாள். அவர் அதைப் பிரெஞ்சும் தமிழும் கலந்து சொன்னார், அவள் ஆங்கிலத்தில் போனில் எழுதிக்கொண்டாள்.

பின்னேரம் எல்லோரும் கடைசித் தரம் கடற்கரைக்குப் போனோம். மனைவி குடையோடு வந்தாள். முழங்கால் அளவு தண்ணீரில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்தோம். அண்ணையும் அண்ணியும் காரில் பாரிசுக்குப் புறப்பட்டார்கள். நாங்கள் பஸ்ஸில் பார்சலோனாவுக்குப் போய் விமானம் ஏறினோம். பின்னேரம் டொரன்டோவில் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது.